சென்னியப்பன் காரின் இடப்பக்க முன்சீட்டு

கோழிப்பண்ணை சென்னியப்பனின் காரில் இடப்பக்க முன்சீட்டு தானாகவே அசைந்து ஆளுக்குத் தக்கபடி அமைந்துகொடுக்கத் தொடங்கியது ஒரு புரட்டாசி வெள்ளிக்கிழமை காலையில், அவருடைய அக்கா வீட்டுக்காரர் வையாபுரி வேட்டி வழுக்கிக் காருக்குள்ளேயே விழுந்ததற்குச் சற்றுப் பிறகு என்று நெட்டையம்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏன் தொடங்கியது என்று கேட்டால் மட்டும், வெயில் ஏன் அடிக்கிறது என்று கேட்ட ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்பார்கள்.

கார் புதிதில்லை. கோயமுத்தூரில் ஒரு மில்காரர் ஆசையாசையாய் வாங்கி, சீட்டுமேல் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் பழசாகிவிடும் என்று பிரிக்காமலே சில வருஷம் ஓட்டி, பிரிக்காமலே விற்ற கார் அது. சென்னியப்பன் அதை வாங்கியதே அந்த உறைக்காகத்தான் என்றாலும் தப்பில்லை. அடுத்தவர் ஓட்டிய வண்டி புது வண்டியாகவே கைக்கு வந்ததே என்று பூரித்துப்போய், தானும் பிரிக்காமல், கோடையில் முதுகு வெந்து, திருப்பத்தில் வழுக்கி, ஏறும்போதும் இறங்கும்போதும் யாரோ முறுக்குத் தின்பதுபோல நறநறவென்று சத்தம் வர, அதன்மேலேயே உட்கார்ந்து ஓட்டினார்.

முன்சீட்டு இரண்டும் மோட்டார் வைத்தவை. கையால் இழுக்கிற கம்பி கிடையாது. சீட்டின் பக்கவாட்டில், கதவோரமாக, சின்னச் சின்ன சுவிட்சுகள். ஒன்றைத் தள்ளினால் சீட்டு முன்னால் போகும், அதையே தூக்கினால் உயரும், இன்னொன்றைச் சாய்த்தால் முதுகுப்பக்கம் சாயும், வட்டமாக இருக்கிற ஒன்றை அமுக்கினால் இடுப்புக்குப் பின்னால் ஒரு கை வந்து தாங்குவதுபோல மெத்தை புடைக்கும். கார் புரோக்கர் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது சென்னியப்பன் "தெரியுமுங்க, தெரியுமுங்க" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு விஷயம் தெரியாது என்று சொல்வது மட்டும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. அதனால் கோயமுத்தூர் மில்காரரின் கால் நீளத்துக்கும் தொப்பை அகலத்துக்கும் வைத்திருந்த நிலையிலேயே ஏறி உட்கார்ந்து, எட்டாத பிரேக்கை எட்டி எட்டி மிதித்துக்கொண்டு, சொகுசு வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டார்.

இத்தனைக்கும் காரை வாங்கியது இடுப்பு நோவுக்காக. இளவயதில் தீவன மூட்டை தூக்கித் தூக்கி வந்த நோவு அது. அதைப் பற்றி ஊரில் தெரியாதவர் யாருமில்லை, ஏனென்றால் அவரே சொல்லிவிடுவார். காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு நோவு எந்தப் பக்கம் என்று மனைவிக்கு ஒருமுறை, முட்டை பொறுக்கும் பெண்களுக்கு ஒருமுறை, மாரப்பன் டீக்கடையில் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் நிற்பவர்களுக்கும் தனித்தனியாக ஒருமுறை என்று சொல்லி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். மழை வருமா என்று அறிந்துகொள்ளக்கூட ஊரார் அவர் இடுப்பைத்தான் விசாரித்தார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

நோவுக்கு அடுத்தபடியாக இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் அவர் மனைவி சம்பூர்ணம். வண்டி வந்த அன்று பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது சென்னியப்பன் உரக்கச் சொன்னார்: "சம்பூரணம், உன்னய முன்னால எம்பக்கத்துல உக்கார வெச்சு பழனிக்குக் கூட்டீட்டுப் போறனா இல்லயா பாரு!"

"எனக்கு எங்கன்னாலும் சரிதானுங்க" என்றாள் சம்பூர்ணம்.

அவள் எப்போதும் அப்படித்தான். கல்யாணப் புடவை எடுக்கும்போது என்ன நிறம் வேணும் என்று கேட்டதற்கு எதுன்னாலும் சரி என்றவள், குழம்பில் கழுத்துத் துண்டுதான் மிச்சம் என்றால் அதுவும் சரி என்றவள், கட்டிலில் மின்விசிறிக் காற்று வராத பக்கமே எனக்குச் சரி என்றவள், மகனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மாமனார் கேட்டபோதும் சரியென்று தலையசைத்தவள். இத்தனை வருஷமாக அவள் சரியென்று சொல்லிச் சொல்லியே அந்த வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. தங்கமான பொம்பளை என்று ஊர் சொல்லும்போது சென்னியப்பன் தன்னைச் சொன்னதுபோலச் சிரித்துக்கொள்வார்.

ஆனால் முன்சீட்டு என்பது எங்கள் பக்கத்தில் சும்மா சீட்டு இல்லை. அது பந்தியில் முதல் இலை மாதிரி. மாப்பிள்ளை வந்தால் மாப்பிள்ளைக்கு, சம்பந்தி வந்தால் சம்பந்திக்கு, யாரும் வராவிட்டால் சாமி படத்துக்கும் பழத்தட்டுக்கும் என்று அது எப்போதும் யாருக்காவது உரியதாகவே இருக்கும். பெண்கள் பின்னால். பின்னாலும் சன்னலோரம் நாத்தனார்களுக்கு. வீட்டுக்காரிக்கு நடுவில், காரின் அடிப்பக்கம் மேடுதட்டியிருக்கும் இடத்தில், மடியில் சோற்றுப் பையோடு. இது சட்டமில்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை.

அந்தப் புரட்டாசி வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. புரட்டாசியில் பாதி ஊர் முட்டை தொடாது, விலை படுத்துவிடும், பண்ணைக்காரனுக்குக் கோயில் குளம் போக நேரம் கிடைக்கிற மாதம் அது ஒன்றுதான். அரக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்த சம்பூர்ணத்துக்கு சென்னியப்பன் தானே முன்கதவைத் திறந்துவிட்டார், அவளும் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாள், அந்த நேரம் பார்த்து வையாபுரி, வெள்ளை வேட்டி கஞ்சி விறைப்போடு, சென்னியப்பனின் அக்காவையும் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு, "என்ன மாப்ள, பழனிக்காமா? நாங்களும் வர்றோம்" என்று வாசலில் நின்றார். சம்பூர்ணம் தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க உக்காருங்கண்ணா, எனக்கு எங்கன்னாலும் சரிதான்" என்று பின்னால் போய் மேட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். சென்னியப்பனுக்கு மனசு ஒரு நொடி கசந்தது. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அதை விழுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பிள்ளையார் கோயில் திருப்பத்தில் ஒரு கோழி குறுக்கே ஓடியது. சென்னியப்பன் எட்டிப் பிரேக்கை மிதித்தார். கஞ்சி போட்ட வேட்டி பிளாஸ்டிக் உறைமேல் சர்ரென்று வழுக்க, வையாபுரி முழு ஆளாகக் காலடிப் பள்ளத்துக்குள் இறங்கி, பிடிமானத்துக்கு எதையோ பற்ற, உறை மேலிருந்து கீழ்வரை கிழிந்து அவர் கையோடு வந்தது.

"ஐயோ, போச்சே!" என்றார் சென்னியப்பன். மாமாவுக்கு அடிபட்டதென்று பதறுகிறான் என வையாபுரி நினைத்துக்கொண்டது நல்லதாயிற்று.

தூக்கிவிட்டு, உதறிவிட்டு, உறையில்லாத சீட்டில் அவரை மறுபடி உட்காரவைத்தபோது, எங்கோ ஒரு தேனீ ரீங்கரிப்பதுபோலச் சத்தம் கேட்டது. சீட்டு மெல்லப் பின்னால் போனது. கொஞ்சம் தாழ்ந்தது, யோசிப்பதுபோல நின்றது, முதுகுப்பக்கம் சாய்ந்தது, இடுப்புக்குப் பின்னால் புடைத்தது, நின்றுவிட்டது.

"மாப்ள, எதய அமுக்குன?"

"நா ஒண்ணும் பண்ணலீங் மாமா."

"அப்ப ஒண்ணும் பண்ணாமயே இரு. நல்லாருக்குது."

பழனிவரை வையாபுரி வாய் திறக்கவில்லை, அதுவே பெரிய அதிசயம். அடிவாரத்தில் இறங்கவும் மாட்டேன் என்றார். சீட்டில் சாய்ந்தபடியே கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, முருகனுக்குத் தெரியும் என் முட்டிவலி, அவன் ஒன்றும் நினைக்கமாட்டான் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஊர் திரும்பியபோது முட்டிவலி போயிருந்தது.

மறுநாள் டீக்கடையில் வையாபுரி அதைச் சொன்னார், அதற்கடுத்த நாள் மாரப்பன் வந்து உட்கார்ந்து பார்த்தார், அதற்குப் பிறகு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று சொல்லி முடியாது. குட்டையானவர் உட்கார்ந்தால் சீட்டு உயர்ந்தது, நெட்டையானவர் உட்கார்ந்தால் தாழ்ந்தது, கூன் விழுந்தவருக்குக் கூனுக்கு இடம் விட்டது, பிள்ளைத்தாய்ச்சிக்கு வயிற்றுக்கு வழி விட்டது, தன் வாழ்நாளில் நாற்காலியில் முழுசாகச் சாய்ந்தே அறியாத கூலிக்காரருக்கு மெல்ல மெல்ல, பயப்படாதீர்கள் என்று சொல்வதுபோலச் சாய்ந்து கொடுத்தது. உட்கார்ந்தவர்கள் எல்லோரும் முதலில் சிரித்தார்கள், பிறகு பேசாமல் இருந்தார்கள், பிறகு இறங்க மாட்டேன் என்றார்கள். ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையை மட்டும் ஒழுங்குபடுத்தியது. செவ்வாய்க்கிழமை பெண்களுக்கு, புதன்கிழமை வெளியூர்க்காரர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலருக்கும் அவருக்கு வேண்டியவர்களுக்கும் என்று மகளிர் குழுத் தலைவி மாராயி பிரித்துக் கொடுத்தாள். கவுன்சிலர் வரிசையை மீறியபோது, சீட்டு அவர் முட்டி முன்பலகையில் இடிக்கும்வரை முன்னால் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியது என்று ஒரு பேச்சு உண்டு. அது கவுன்சிலரின் எதிராளிகள் கட்டிவிட்டதாகவும் இருக்கலாம்.

கார் கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பி கணினியோடு வந்தான். ஒயரைச் செருகி, திரையைப் பார்த்து, வண்டியில் ஒரு குறையும் இல்லையே என்றான். எதற்கும் உட்கார்ந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தவனைச் சாயங்காலம்தான் எழுப்ப முடிந்தது. பிறகு மாதாமாதம், குறை இருக்கிறதா என்று பார்க்க, அவனாகவே வந்து போனான்.

வாய்க்கால் வரப்புக்காகப் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் அடுத்தடுத்து உட்கார, அண்ணன் இறங்கியபோது இருந்த நிலையிலிருந்து தம்பிக்காகச் சீட்டு இம்மியும் நகரவில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே முதுகு என்று ஊர் சிரித்தது. அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். வழக்கு அதற்காக நிற்கவில்லை, அது பாட்டுக்கு நடந்தது. ஆனால் கோர்ட்டுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போய்வந்தார்கள்.

கார்த்திகையில் மாரியம்மன் சப்பரத்தின் அச்சு முறிந்தபோது, அம்மனைச் சென்னியப்பன் காரிலேயே ஊர்வலம் கொண்டுபோவதென்று முடிவானது. பட்டுடுத்தி, மாலை சாத்தி, முன்சீட்டில் வைத்ததும், அம்மன் தெருவைப் பார்க்கும்படி சீட்டு நன்றாக உயர்ந்தது. தெற்குத் தெரு முடிந்து மேற்குத் தெரு திரும்பியபோது மெதுவாகப் பின்னால் சாய்ந்துவிட்டது. பூசாரி வாயில் விரலை வைத்தார். "மேளத்த நிறுத்துங்கப்பா. ஆத்தா வருசம் முச்சூடும் நின்னுக்கிட்டே இருக்கறா. ரவ்வோண்டு அசரட்டும்." அன்றைக்குப் பொங்கல் ஆறிப்போய்த்தான் ஊருக்குக் கிடைத்தது, யாரும் முணுமுணுக்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் சென்னியப்பன் வலப்பக்கம், தன்னுடைய கிழியாத பிளாஸ்டிக் உறைமேல், எட்டாத பிரேக்குக்கு முன்னால், பெரிய மனுஷனாக உட்கார்ந்திருந்தார். ஒரு சீட்டாவது புதுசாக இருக்கட்டும் என்று அவர் அதை மட்டும் பிரிக்கவில்லை. நீங்கள் உட்கார்ந்து பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால், நம்ம வண்டிதானே, எங்கே போகுது என்பார். உண்மையில் ஒருநாள் மத்தியானம், தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்து, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். சீட்டு நகர்ந்தது, தாழ்ந்தது, சாய்ந்தது, புடைத்தது. தீவன மூட்டைக் காலத்திலிருந்து கூடவே இருந்த நோவு சட்டென்று இல்லாமல் போனது. சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நோவு இல்லாமல் நாளைக்கு டீக்கடைக்குப் போய் என்னத்தைப் பேசுவது என்று பதறிப்போய் இறங்கி, முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு, நல்ல வேளையாக அது திரும்பி வரும்வரை நின்றிருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சம்பூர்ணம் இந்த மாதங்கள் முழுக்க வரிசையில் நிற்பவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் நேரத்தில் மோர், மழை நேரத்தில் காபி, வெளியூர்க்காரர்களுக்கு ஒருவாய்ச் சோறு. பழனிக்கு அவர்கள் இன்னொரு தரம் போகவே இல்லை. போகலாம் என்று கிளம்பிய போதெல்லாம் சீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தை பிறந்து, ஊரில் எல்லோரும் உட்கார்ந்து முடித்து, சிலர் சுற்று முடிந்து மறுபடி ஆரம்பித்திருந்தபோது, மோர்ச் சொம்பை வாங்கிக்கொண்டே மாராயி கேட்டாள்: "ஏஞ் சம்பூரணம், உனக்கு எப்படி இருந்துச்சு? படுத்தாப்பலயா, நிமுந்தாப்பலயா?"

"நா உக்காரலியே அக்கா" என்றாள் சம்பூர்ணம், உப்புப் போதுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுபோல.

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சொம்பைக் கீழே வைத்தார்கள். ஒரு கோழிகூட அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அதற்கென்று குழிந்துகொடுத்த மெத்தையில் இரட்டைக் கரு முட்டை இட்டுவிட்டுப் போயிருந்தது. சென்னியப்பன் அந்த முட்டையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டியது எல்லோருக்கும் நினைவிருந்தது. அவருக்கும் இருந்தது. காது மடல் சுட, அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

எங்கள் ஊருக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் மேளம் வைத்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் தோரணம் கட்டினார்கள், மாரப்பன் ஓசியில் டீ கொடுத்தார், பூசாரி சூடத் தட்டோடு வந்து நின்றார். அதே அரக்குப் புடவையில் சம்பூர்ணத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, வேண்டாமுங்க, எதுக்குங்க இதெல்லாம் என்று அவள் சொல்லச் சொல்ல, முன்சீட்டில் உட்காரவைத்தார்கள்.

மேளம் நின்றது. எல்லோரும் அந்த ரீங்காரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

சீட்டு அசையவில்லை.

பேட்டரி இறங்கியிருக்கும் என்றார் ஒருவர். வண்டியை முடுக்கிப் பார்த்தார்கள், முடுக்கிக்கொண்டது. வையாபுரி, "எந்திரி அம்மிணி, நா பாக்கறேன்" என்று அவளை இறக்கிவிட்டுத் தான் உட்கார்ந்தார். சீட்டு அழகாகப் பின்னால் போய், தாழ்ந்து, சாய்ந்து, அவரை வாங்கிக்கொண்டது. அவர் மனசில்லாமல் இறங்கினார். சம்பூர்ணம் மறுபடி உட்கார்ந்தாள். வையாபுரியின் நிலையிலேயே சீட்டு கல்லாக இருந்தது. நேர்த்திக்கடன் ஏதாவது பாக்கி இருக்கும் என்று ஒரு குரல் சொன்னது, அவளுக்கு ராசி சரியில்லை என்று இன்னொன்று சொன்னது, பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"பரவால்லீங்க" என்றாள் சம்பூர்ணம். "எனக்கு இப்படியே சரிதானுங்க."

அதைத்தான் அவள் எப்போதும் சொல்வாள், ஆனால் இந்தமுறை பாதியில் குரல் உடைந்தது. ஊரில் ஒவ்வொருவருக்கும், பஞ்சலோகத்தில் வார்த்த அம்மனுக்கும், கூண்டிலிருந்து தப்பிய கோழிக்கும் இடம் செய்து கொடுத்த ஒன்று, தனக்கு மட்டும் ஒன்றுமே செய்யவில்லை என்பது அவளுக்கு வலித்தது. மடியில் இல்லாத பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சென்னியப்பன் அப்போது அவள் காலைப் பார்த்தார். செருப்பு நுனிகூடத் தரையில் படாமல் இரண்டு பாதமும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. இத்தனை நாளாகப் பின்சீட்டு மேடு அந்தப் பாதங்களைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது, அவள் கால் எவ்வளவு நீளம் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எப்படி வேண்டும் என்று யாருமே அழுத்திக் கேட்காத ஒருத்தியிடம் பாவம் அந்தச் சீட்டுமட்டும் என்ன செய்யும் என்று தோன்றியதும் அவருக்கு அழுகையாக வந்தது. ஊரே பார்க்கிறது என்பதும் ஞாபகம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, நடுத்தெருவில், திறந்த கதவோரம், மனைவியின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, என்ன இது?" என்றார் வையாபுரி.

"சும்மா இருங் மாமா" என்றார் சென்னியப்பன். அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சுவிட்சுகளைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. தெரியுமுங்க தெரியுமுங்க என்று ஆட்டிய தலையை நாலு சாத்துச் சாத்தலாம்போல இருந்தது. குருட்டாம்போக்கில் ஒன்றை அமுக்க, சம்பூர்ணம் தடாலென்று பின்னால் சாய்ந்தாள். அதையே திருப்ப, நெற்றி முன்பலகையைத் தொடும் அளவுக்கு நிமிர்ந்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது முயற்சியில் சீட்டு முன்னால் வந்தது, தாழ்ந்தது, அவள் பாதம் தரையைத் தொட்டது.

"இப்ப?"

"ம், சரிதானுங்க. போதும், எந்திரிங்க, ஒடம்பு நோவும்."

"சரிங்காத. எப்படி வேணும்னு சொல்லு."

"எனக்கு எப்படின்னாலும்..."

"அம்மிணி, உன்னயக் கும்புட்டுக் கேக்கறேன். சொல்லு."

 மேளக்காரர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டார். பிறகு, பக்கத்தில் நின்ற மாராயிக்கே கேட்காத குரலில், "கொஞ்சம் மேல" என்றாள். அவர் ஏற்றினார். "அவ்வளவு வேண்டாமுங்க." இறக்கினார். "முன்னால... இல்லீங்க, இன்னும் ரவ்வோண்டு." தள்ளினார். "சாய்மானம் கொஞ்சம்." சாய்த்தார். ஒவ்வொன்றுக்கும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உரத்து வந்தது, கை மடியை விட்டுக் கைப்பிடிக்குப் போனது, "அதில்லீங்க, அதுக்கு முந்தி இருந்தாப்பல" என்று ஒருதரம் எரிச்சலாகவே சொன்னாள்.  சம்பூர்ணம் எரிச்சல்பட்டு அந்தத் தெரு பார்த்ததில்லை.

"முதுகுக்கு?" என்று கேட்டு அவர் வட்ட சுவிட்சில் விரலை வைத்தார்.

"இன்னும் கீழ. இடுப்புக்கிட்ட. எடப்பக்கமா. அங்கதானுங்க நோவும்."

சென்னியப்பன் தலையைத் தூக்கினார். "உனக்கும் நோவா?"

"சின்னவன் பொறந்ததுல இருந்து."

"ஒரு நாளும் சொல்லவே இல்லயே புள்ள!"

"நீங்க சொல்லிக்கிட்டு இருந்தீங்களே" என்றாள் சம்பூர்ணம். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. "ஒரு வீட்டுல ரெண்டு பேரு எப்படிங்க சொல்றது?"

 அவர் விரல் அமுங்கியபடியே இருந்தது, மெத்தை மெல்லப் புடைத்து அவள் இடுப்பைத் தாங்கியது. அவள் கண்ணை மூடி, நெடுநாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விடுவதுபோல விட்டாள். "இப்ப சரி" என்றாள். அவள் எத்தனையோ தரம் சரி என்று சொல்லியிருக்கிறாள், இது அந்தச் சரி இல்லை என்று ஊருக்கே தெரிந்தது. பூசாரி கையில் சூடம் எரிந்து முடிந்திருந்தது. சென்னியப்பனால் எழுந்திருக்க முடியவில்லை. நாலுபேர் பிடித்துத் தூக்கினார்கள்.

அன்றைக்கு அமைந்த நிலையிலிருந்து அந்தச் சீட்டு அதற்குப் பிறகு யாருக்காகவும் தானாக நகரவில்லை. குட்டையானவரும் நெட்டையானவரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது சம்பூர்ணத்துக்குத்தான் சரி என்று இறங்கிப் போனார்கள். மெக்கானிக் தம்பி வந்து, இப்போதும் ஒரு குறையும் இல்லை என்று வருத்தமாகச் சொன்னான். சில நாள் ஊர் முதுகு வலிக்கிறது என்று புலம்பியது. பிறகு வீட்டுக்கு வீடு யாராவது யாருக்காவது தலையணையை இழுத்துவிட்டு, இப்ப எப்படி என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுவும் ரொம்பநாள் நீடித்ததாகச் சொல்ல முடியாது. எங்கள் ஊரை எங்களுக்குத் தெரியாதா?

மாசியில் ஒரு காலை அவர்கள் பழனிக்குக் கிளம்பினார்கள். வையாபுரி இந்தமுறையும் மனைவியோடும் தங்கையோடும் வந்தார், முன்கதவைத் திறந்தார், உள்ளே அமர்ந்திருந்த சம்பூர்ணத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் இருவருக்கும் நடுவில், மேட்டில், மடியில் சோற்றுப் பையோடு உட்கார்ந்தார். தாராபுரம் தாண்டுவதற்குள் சம்பூர்ணம் இரண்டு தரம் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டாள். இரண்டு தரமும் சென்னியப்பன் இறங்கி, சுற்றி வந்து, லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு போக, சாலையோரத்தில் குத்துக்காலிட்டு, அவள் சொன்னபடி வைத்தார்.

மூன்றாம் தரம் நிறுத்தச் சொன்னபோது, "இப்ப என்ன புள்ள?" என்றார்.

"என்துல எல்லாம் சரியா இருக்குதுங்க. உங்க சீட்டுச் சத்தந்தான் எனக்குப் புடிக்கலீங்க. அந்தப் பிளாஸ்டிக்கப் பிரிச்சுப் போடுங்க."

"பிரிச்சாப் பழசாயிருமே."

"ஆவட்டுமுங்க. நாம ஆகலியா?"

சென்னியப்பன் இறங்கி நின்று அந்த உறையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கிழித்தார். மில்காரரும் அவரும் காத்துவந்த புதுசு நறநறவென்று கத்திக்கொண்டே வந்தது. உள்ளே இருந்த மெத்தை அவர் நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது. உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ரீங்காரத்துக்காகக் காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"மாப்ள, உச்சிக்காலப் பூசை முடிஞ்சுரும்" என்றார் பின்னாலிருந்து வையாபுரி.

"முடியட்டுமுங்கண்ணா" என்றாள் சம்பூர்ணம். அவள் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்தாள். அவருடைய கதவைத் திறந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, முனகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதல் சுவிட்சில் விரலை வைத்து அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"எப்படி வேணும், சொல்லுங்க."

தன் நோவைப் பற்றி ஊரெல்லாம் பேசித் தீர்த்த சென்னியப்பன் பாதையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தெரியலயே புள்ள" என்றார்.